வரி நீங்கிய மருத்துவக் காப்பீடு: மிச்சம் யாருக்கு, இழப்பு யாருக்கு?

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் 56ஆவது கூட்டம், தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதும் தனிநபர் ஆயுள் காப்பீட்டின் மீதும் விதிக்கப்பட்டுவந்த 18 விழுக்காடு வரியை முற்றாக நீக்கியது. அதே மாதம் 22ஆம் தேதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. நோயின் மீதும் சாவின் மீதும் அரசு வரி வாங்கலாமா என்ற கேள்வி நெடுநாளாக எழுப்பப்பட்டு வந்ததுதான். 2024 சூலையில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரியே இந்த வரியை நீக்கக் கோரித் தம் சக அமைச்சரான நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். 2023-24 நிதியாண்டில் மட்டும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் வழியாக அரசுகளுக்குக் கிடைத்த வரி ரூ.8,200 கோடிக்கு மேல். அந்த வருவாயைக் கைவிட்டது நல்ல முடிவே; அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் வரிவிலக்கும் ஒருவகை மானியமே. எந்த மானியத்தையும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: அது யார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது? அதற்கான செலவு எங்கிருந்து எடுக்கப்படுகிறது? காரைக்குடியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் வைத்து இந்த இரண்டையும் பார்ப்போம்.

விலக்கு பெற்றது தனிநபர் பாலிசி. அதாவது ஒருவர் தம் பெயரிலோ, தம் குடும்பம் முழுமைக்குமோ, முதிய பெற்றோருக்கோ நேரடியாக வாங்கும் பாலிசி. குழுக் காப்பீட்டுக்கு இந்த விலக்கு இல்லை. அங்கே 18 விழுக்காடு வரி அப்படியே தொடர்கிறது. செய்தித் தலைப்புகள் 'மருத்துவக் காப்பீட்டுக்கு வரி இல்லை' என்று பொதுப்படையாக எழுதிச் சென்றதால் இந்த வேறுபாடு பலருடைய கண்ணில் படவில்லை. ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபாய் பிரீமியம் கட்டி, முகவர் வழியாகத் தனிப் பாலிசி வாங்கும் நிலையில் இருப்பவர் அரசு ஊழியராகவோ, கடை வைத்திருப்பவராகவோ, வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீட்டைச் சேர்ந்தவராகவோ இருப்பார். நம் மக்கள் பெரும்பாலும் காப்பீட்டைச் சந்திக்கும் இடம் வேறு. நுண்கடன் நிறுவனம் கடன் தரும்போதே பிடித்துக்கொள்ளும் காப்பீட்டுத் தொகை, வங்கிக் கணக்கோடு ஒட்டி விற்கப்படும் மருத்துவமனைப் படித்தொகைத் திட்டம், தனியார் பள்ளியோ ஆலையோ ஊழியர்களுக்கென மொத்தமாக எடுக்கும் பாலிசி ஆகியவை அனைத்தும் குழுக் காப்பீடுகள். கடன் வாங்கிய பெண்ணின் கையில் பாலிசி ஆவணமே இருக்காது. அவர் கட்டும் தொகையில் வரி எவ்வளவு என்றும் அவருக்குத் தெரியாது.

ரூ.2 இலட்சம் வரையிலான ஆயுள் நுண்காப்பீட்டுத் திட்டங்களுக்கும், பிரீமியம் முழுவதையும் அரசே செலுத்தும் திட்டங்களுக்கும் முன்பிருந்தே வரிவிலக்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே மிக வறியவருக்கான காப்பீட்டின் மீது வரி இருந்தது என்று எழுதினால் அது தவறாகும். மிக வறியவர் என்ற வரையறைக்குள் வராமல், தனிப் பாலிசி வாங்கும் வசதியும் இல்லாமல் இருக்கும் குடும்பத்திடமிருந்து இன்றும் வரி வாங்கப்படுகிறது என்பதுதான் சரியான கூற்று. சேரியில் முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் வாங்கும் வீடுகள் பலவும் இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன.

இனிச் செலவு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு வருவோம். இதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். வரிச் சட்டத்தின் சூட்சுமம் கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது.

அடிப்படை பிரீமியம் ரூ.20,000 உள்ள ஒரு குடும்பப் பாலிசியை எடுத்துக்கொள்வோம். முன்பு வாடிக்கையாளர் வரியோடு ரூ.23,600 கட்டினார். முகவருக்கு 15 விழுக்காடு கமிஷன் என்று வைத்துக்கொண்டால் (தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2023 வரை இருந்த உச்சவரம்பு இதுவே) அவருக்குக் கிடைத்தது ரூ.3,000. முகவர் நிறுவனத்துக்குத் தருவதும் ஒரு சேவை என்பதால் அந்தக் கமிஷனின் மீதும் 18 விழுக்காடு வரி உண்டு. ஆனால் முகவர் சிறிய வருமானக்காரர் என்பதைக் கருதி, அந்த வரியைச் சேவை பெறும் நிறுவனமே அரசுக்கு நேரடியாகச் செலுத்த வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. ஆகவே நிறுவனம் முகவருக்கு ரூ.3,000 கொடுத்தது, அரசுக்கு ரூ.540 செலுத்தியது. பிறகு, வாடிக்கையாளரிடம் வசூலித்த ரூ.3,600 வரியை அரசுக்குக் கட்டும்போது இந்த ரூ.540ஐ அதில் கழித்துக்கொண்டது. இதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். நிறுவனத்துக்கு இழப்பு ஏதுமில்லை.

வாடிக்கையாளரின் வரி நீங்கியதும் என்ன ஆயிற்று? கமிஷனின் மீதான வரி நீங்கவில்லை. நிறுவனம் ரூ.540ஐ இன்றும் செலுத்த வேண்டும். ஆனால் கழித்துக்கொள்ள எதிரே வரி இல்லை. வரியற்ற சேவைக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படை விதி. நேற்றுவரை வெறும் கணக்குப் பதிவாக இருந்த தொகை, இன்று உண்மையான செலவாகிவிட்டது.

இந்தச் செலவை ஏற்க மூவர் இருந்தனர். நிறுவனம் தன் ஆதாயத்திலிருந்து ஏற்கலாம். பிரீமியத்தை உயர்த்தி வாடிக்கையாளர்மீது ஏற்றலாம். அல்லது முகவரின் கமிஷனில் கைவைக்கலாம். 2025 அக்டோபரில் காப்பீட்டு நிறுவனங்கள் பல, இனிக் கமிஷன் என்பது வரியை உள்ளடக்கிய தொகை என்று முகவர்களுக்கு அறிவித்தன. அதாவது அதே ரூ.3,000தான் மொத்தம், அதற்குள்ளேயே வரியும் அடக்கம். முகவரின் கைக்கு வருவது ரூ.2,542. வரியை நிறுவனம் செலுத்த வேண்டும் என்று சட்டம் சொன்னது முகவரைக் காக்கத்தான். அந்தப் பாதுகாப்பை ஒரு சுற்றறிக்கையின் ஒற்றை வரி தலைகீழாக்கிவிட்டது. வருமானத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு ஒரே நாளில் குறைவது, மாத இறுதியில் வாடகைக்குத் தவிக்கும் ஒருவருக்கு என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இதைத் தடுக்கச் சட்டத்தில் இடமுண்டா? 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கமிஷன் விதிகள், பாலிசி வகைவாரியாக இருந்த உச்சவரம்புகளை நீக்கின. மொத்த நிர்வாகச் செலவு வரம்புக்குள் நிறுவனங்கள் தம் விருப்பப்படி கமிஷனைத் தீர்மானிக்கலாம் என்றன. உச்சவரம்பு போனதில் பெரிய தரகு நிறுவனங்களும் வங்கிகளும் பேரம் பேசிக் கூடுதலாகப் பெற வழி பிறந்தது. கீழ்வரம்பு என்று ஒன்று எப்போதுமே இல்லை. தனி முகவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். அவரிடம் இருப்பது ஓர் ஒப்பந்தம் மட்டுமே. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் பாலிசிதாரரின் முறையீட்டைத்தான் கேட்பார். கமிஷன் தகராறைக் கேட்கமாட்டார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் முகவர் நுகர்வோர் இல்லை. எஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம். நானூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு வழக்குத் தொடுக்க வரும் முகவருக்கு எந்த வழக்கறிஞரும் என்ன சொல்வார் என்பது நமக்குத் தெரியும்.

வாடிக்கையாளரின் நிலையும் உறுதியானதல்ல. வரிக் குறைப்பின் பலனை விலைக் குறைப்பாக நுகர்வோருக்குத் தரவேண்டும் என்று சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 171ஆவது பிரிவு சொல்கிறது. பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அதன்கீழ் 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார்கள் ஏற்கப்படமாட்டா என்று ஒன்றிய அரசு அதற்கு முந்தைய ஆண்டே அறிவித்துவிட்டது. வரி குறைந்ததோ அதே ஆண்டு செப்டம்பரில்! உரிமை உண்டு, கதவு இல்லை. நிறுவனம் அடுத்த புதுப்பித்தலில் அடிப்படை பிரீமியத்தை 20,000லிருந்து 21,600ஆக உயர்த்தினால், கிடைத்த ரூ.3,600 மிச்சத்தில் ரூ.1,600 போய்விடும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதென்றால் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற 2025 சனவரி உத்தரவு ஓரளவு தடுப்பு. மற்ற வயதினருக்கு அதுவுமில்லை.

செட்டிநாட்டுக்குக் காப்பீடு புதிய சொல்லன்று. 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. அதை நிறுவிய கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் காப்பீட்டுத் தொழிலிலும் பெரும்புள்ளி. சென்னை அண்ணா சாலையில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடம் அவருடைய யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்கெனத் தொடங்கப்பட்டதே. கடல்கடந்த வணிகத்தின் இடரைக் கணக்கிட்டுப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த மண் இது. அந்த அறிவு மாளிகைத் தெருக்களில் வங்கியாகவும் காப்பீடாகவும் விளைந்தது. அம்மாளிகைகளுக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களின் தெருவுக்கு அது வந்துசேர ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. அதுவும் பெரும்பாலும் ஒரு முகவரின் இரு சக்கர வண்டியில்தான் வந்தது.

யார் அந்த முகவர்? பட்டம் முடித்து, அரசுத் தேர்வுகளை எழுதிக்கொண்டே, இடையில் வருமானத்துக்காக உரிமம் எடுத்த இளைஞர். கடனடைக்க இத்தொழிலுக்கு வந்த பெண். நாங்கள் சட்ட உதவிக்காகச் செல்லும் தெருக்களில் இவர்களைக் காண்கிறோம். முகவர் தொழில் நம்பிக்கையின் மேல் நிற்பது. நம் ஊர்களில் நம்பிக்கை சாதியின் எல்லையைத் தாண்டுவது அரிது. மாளிகைத் தெருவில் பெரிய பாலிசியை விற்கும் வாய்ப்பு சேரியிலிருந்து வரும் முகவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அவருடைய வாடிக்கையாளர் அவருடைய தெருக்காரரே. பிரீமியம் சிறியது, ஆகவே கமிஷனும் சிறியது. எட்டாயிரம் ரூபாய்ப் பாலிசிக்கு ரூ.1,200 கிடைத்த இடத்தில் இப்போது ரூ.1,017. ஒரே விகிதத்தில் வெட்டினாலும், பெரிய பாலிசிகள் நிறைய வைத்திருப்பவர் எண்ணிக்கையால் தாக்குப்பிடிப்பார். சிறிய பாலிசிகள் இருபது வைத்திருப்பவர் வேறு வேலை தேடுவார்.

அவர் போய்விட்டால் என்ன, கைப்பேசியிலேயே பாலிசி வாங்கலாமே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வாங்கலாம். விண்ணப்பத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை யார் சொல்வார்? சர்க்கரை நோயை மறைத்தால் பிரீமியம் குறையும் என்று எண்ணி மறைத்து, பின்னர் இழப்பீடு மறுக்கப்பட்ட வழக்குகள் நீதிமன்றங்களில் ஏராளம். 2024 ஏப்ரல் முதல் முன்நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடப்பில் இருந்துவிட்டால், மோசடி நிறுவப்பட்டாலன்றி, தகவலை மறைத்தார் என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முடியாது. இரண்டும் நல்ல விதிகள். ஆனால் இரண்டும் 'தொடர்ந்து' என்ற சொல்லின் மீது நிற்கின்றன. ஒரு புதுப்பித்தல் தவறிச் சலுகை நாள்களும் கடந்துவிட்டால், கடந்த ஆண்டுகளின் காத்திருப்பு வீணாகும். அறுவடை இல்லாத மாதத்தில் புதுப்பிக்கும் தேதி வரும் வீட்டுக்குப் போய், 'அக்கா, வியாழக்கிழமைக்குள் கட்டிவிடுங்கள்' என்று சொல்பவர் முகவர்தான். மருத்துவமனையில் பணமில்லாச் சிகிச்சைக்கான படிவம் நிரப்பப்படும் இரவில் தொலைபேசியை எடுப்பவரும் அவரே. அந்த உழைப்புக்கான கூலிதான் இப்போது வெட்டப்பட்டிருக்கிறது.

பிரீமியத்தைக் குறைத்தால் போதும், மக்கள் தாமே வந்து சேர்வார்கள் என்ற நம்பிக்கையை இந்த நாடு ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. 2003இல் வாஜ்பாயி அரசு அனைவருக்குமான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை அறிவித்தது. நாளொன்றுக்கு ஒரு ரூபாய்: தனிநபருக்கு ஆண்டுக்கு ரூ.365, ஐவர் குடும்பத்துக்கு ரூ.548, எழுவர் குடும்பத்துக்கு ரூ.730. மருத்துவமனைச் செலவுக்கான காப்பு ரூ.30,000. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ரூ.100 மானியம். சேர்ந்த ஏழைக் குடும்பங்கள் சொற்பம். 2004இல் புதிய அரசு திட்டத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு மட்டுமாக்கி, மானியத்தை முறையே ரூ.200, ரூ.300, ரூ.400ஆக உயர்த்தியது. தனிநபர் கட்ட வேண்டியது ரூ.165 மட்டுமே. அதன் பிறகும் திட்டம் பரவவில்லை. கூலிக் குடும்பம் ஓராண்டுத் தொகையை ஒரே தவணையில் எடுத்துவைக்க வேண்டியிருந்தது ஒரு காரணம். ரூ.165 பாலிசியைத் தெருத்தெருவாகக் கொண்டுசெல்பவருக்குக் கிடைக்கும் கமிஷன் அவருடைய பேருந்துக் கட்டணத்துக்கும் காணாது என்பது, நம் கணிப்பில், அதைவிடப் பெரிய காரணம்.

பாடம் கற்றதாகத் தெரியவில்லை. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு பிரீமியம் 2022 சூன் 1 முதல் ரூ.12லிருந்து ரூ.20ஆக உயர்ந்தது. உயர்ந்த எட்டு ரூபாயும் காப்பீட்டு நிறுவனத்தின் பங்குக்கே சென்றது. மக்களைச் சேர்க்கும் முகவருக்கு ஒரு ரூபாய். முன்பும் ஒரு ரூபாய், இப்போதும் ஒரு ரூபாய்.

பிரீமியத்தை அரசே முழுவதும் ஏற்பது மற்றொரு வழி. தமிழ்நாடு 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தோடு அவ்வழியில் இறங்கியது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக யுனைடெட் இந்தியா நிறுவனத்தின் வழியே அது நடக்கிறது. 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை காப்பு. 2022 சனவரியில் தொடங்கிய ஒப்பந்தத்தில் குடும்பம் ஒன்றுக்கான பிரீமியம் ரூ.699லிருந்து ரூ.849ஆக உயர்ந்தது. பயனாளிகளில் ஒருவரும் அதை உணரவில்லை. அமெரிக்காவில் 2021இல் கூட்டப்பட்ட பிரீமியம் மானியம் 2025 இறுதியில் காலாவதியாவதையொட்டி எழுந்த பூசலில் ஒன்றிய அரசு அலுவலகங்களே ஆறு வாரம் முடங்கின. அங்கே பிரீமியம் வீட்டுக்குச் சீட்டாக வருகிறது. கூடினால் உடனே வலிக்கிறது. இங்கே மக்களின் கண்ணில் படாத கணக்கு அது. ஆகவே நம் இயக்கங்களும் அதைக் கவனிப்பதில்லை. மருத்துவர் சங்கங்களும் மருத்துவமனைகளும் தொகுப்புக் கட்டணத்தைப் பற்றிப் பேசுகின்றன. பயனாளியின் சார்பில் பேசுவோர் குறைவு.

இத்திட்டத்தில் வலிக்கும் இடம் வருமான வரம்பு. முன்பு ரூ.72,000ஆக இருந்தது ரூ.1,20,000 ஆக்கப்பட்டது. மாதத்துக்கு ரூ.10,000. கணவனும் மனைவியும் மாநகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணி செய்தால் வரம்பைத் தாண்டிவிடுவார்கள். அவர்களுக்குரியது ஈ.எஸ்.ஐ.; ரூ.21,000 வரை ஊதியம் பெறுவோருக்கு அது சட்ட உரிமை. 2019 சூலையில் தொழிலாளியின் பங்கு 1.75 விழுக்காட்டிலிருந்து 0.75ஆகவும் முதலாளியின் பங்கு 4.75லிருந்து 3.25ஆகவும் குறைக்கப்பட்டது. ஒப்பந்ததாரர் பெயரைப் பதிந்து தொகையைக் கட்டினால்தான் அந்த உரிமை உயிர் பெறும். கட்டாத இடங்களில் அக்குடும்பம் மறுபடியும் தனியார் பாலிசியின் வாசலில் நிற்கிறது. கழிவுநீர்த் தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் வேலை செய்வோருக்கு ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டம் ஆயுஷ்மான் காப்பைத் தருகிறது. அதற்கும் முதலில் கணக்கெடுப்பில் பெயர் ஏற வேண்டும்.

முதலமைச்சர் திட்டத்தில் முகவர் என்ற ஆளே இல்லை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். காரைக்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சிவகங்கைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் கூலி போகும். அந்த இடைவெளியை நம் தோழர்கள் ஊதியமின்றி நிரப்புகிறார்கள். அவசரச் சிகிச்சைக்கு ஒருவரைச் சேர்த்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது சேரிகளில் வழக்கமான காட்சி. ஊருக்கு ஒருவருக்கு அரசு சிறு ஊக்கத்தொகை தந்து, அட்டை இல்லாத வீடுகளைக் கணக்கெடுக்கச் சொன்னால் இந்த அலைச்சல் பெருமளவு குறையும். உரிமம் பெற்ற, கமிஷன் வெட்டப்பட்ட நம் இளம் முகவர்கள் அவ்வேலைக்குப் பொருத்தமானவர்கள்.

உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. தனிப் பாலிசி வைத்திருப்போர், 2025 செப்டம்பர் 22க்கு முன்னும் பின்னும் கட்டிய ரசீதுகளை ஒப்பிட்டு, வரிக்கு முந்தைய அடிப்படைத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மொத்தத் தொகை குறைந்திருப்பது மட்டும் போதாது. குழுக் காப்பீட்டில் இருப்போர், கடன் கொடுத்த நிறுவனத்திடமோ முதலாளியிடமோ உறுப்பினருக்கான காப்பீட்டுச் சான்றிதழை எழுத்து மூலம் கேளுங்கள். காப்பு எவ்வளவு, யாருடைய பெயர் இருக்கிறது என்பது அதில்தான் தெரியும். இழப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரூ.50 இலட்சம் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். கட்டணமில்லை, எங்களைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமுமில்லை. சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், செலுத்திய தொகை ரூ.5 இலட்சத்துக்குள் இருந்தால், கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.

முகவர்கள் செய்ய வேண்டியது வேறு. கமிஷனின் மீதான வரியையும் விலக்க வேண்டும், அல்லது அதை நிறுவனங்களே ஏற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்ய வேண்டும். இக்கோரிக்கையை வாடிக்கையாளர்களின் கையொப்பத்தோடு முன்வைத்தால் அதற்கு எடை கூடும். முதலமைச்சர் திட்டத்துக்கான ஐந்தாண்டு ஒப்பந்தம் 2022 சனவரி 11 அன்று தொடங்கியது. அடுத்த ஒப்பந்தத்தின் பிரீமியமும் வருமான வரம்பும் எழுதப்படும் முன்பே, இப்போதைய ஒப்பந்தத்தின் நகலையும் சிவகங்கை மாவட்டத்தில் பட்டியல் சாதிக் குடும்பங்கள் எத்தனை அட்டை பெற்றுள்ளன என்ற கணக்கையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்க வேண்டும். மனுவின் கட்டணம் பத்து ரூபாய். எழுதித்தர நாங்கள் இருக்கிறோம்.